ஈட்டலும் ஈடும்: மருத்துவப் பிழை வழக்குகளில் இழப்பீட்டு வரம்பின் வரலாறு

'இழப்பீடு' என்னும் சொல்லிலிருந்தே தொடங்குவோம். மொழியியலில் வாழ்நாளைக் கழித்த நாம் சட்டத்தின் மனைக்குள் நுழைவதற்கு வேறு வாசல் இல்லை. 'இடு' என்னும் வினையின் முதலெழுத்து நீண்டு 'ஈடு' ஆகிறது. கெடு கேடாவதும், படு பாடாவதும், பெறு பேறாவதும் இம்முறையே. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று மாணவர் இதனை இலக்கண வகுப்பில் படித்திருப்பர். வெறுமையான ஓரிடத்தில் கொண்டுவந்து இடப்படுவது ஈடு. கடனுக்கு வைக்கும் அடைமானத்தையும் ஈடு என்கிறோம். ஒப்பு என்னும் பொருளில் 'ஈடு இணை' என்கிறோம். இழப்பு நேர்ந்த இடத்தில் அதற்கு ஒப்பாக இடப்படுவது இழப்பீடு. நம் நாட்டு நாளேடுகள் 'நஷ்டஈடு' என்றும் எழுதி வந்திருக்கின்றன. வடசொல்லும் தென்சொல்லும் கைகோத்த அத்தொடரின்மீது நமக்குப் பகை ஏதும் இல்லை.

மலாய்மொழி இவ்விடத்தில் நம்மைவிட நுட்பமாக இருக்கிறது. பிறர் செய்த தவற்றுக்காக நீதிமன்றம் மதிப்பிட்டு வழங்கும் தொகையை அது 'கந்தி ருகி' என்கிறது. சட்டம் முன்னரே வகுத்த அட்டவணைப்படி கிடைக்கும் தொகையைப் 'பம்பாசான்' என்கிறது. தமிழில் இரண்டும் இழப்பீடுதான். இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டுவதால் ஒரு முதன்மையான வேறுபாடு நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது; அதற்குச் சற்றுப் பின்னர் வருவோம்.

இன்னுமொரு சொல் வேண்டும். பொருள் தேடுதலை 'ஈட்டுதல்' என்கிறோம். ஈடும் ஈட்டலும் ஒலியால் உடன்பிறந்தவை போலத் தோன்றினும் வேரால் வேறானவை. முன்னது 'இடு' என்பதிலிருந்து வந்தது. பின்னது ஒன்றுசேர்தலைக் குறிக்கும் 'ஈண்டு' என்பதன் பிறவினை, சேர்ப்பது ஈட்டுவது. சொற்பிறப்பு நூல்கள் இவ்விரண்டையும் தனித்தனியே வைக்கின்றன. மலேசியச் சட்டமோ 1984ஆம் ஆண்டில் இவற்றை ஒன்றாகக் கட்டிவிட்டது: ஈட்டிக்கொண்டிருந்தவருக்கே எதிர்கால வருமான இழப்புக்கு ஈடு உண்டு என்றது. அக்கட்டு எப்படி விழுந்தது, புந்தோங் போன்ற ஓர் ஊரில் அதன் இறுக்கம் யார்மேல் படிகிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

பேராக்கின் இரப்பர்த் தோட்டங்களில் மருத்துவம் என்பது பெரும்பாலும் டிரசரைக் குறித்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுவதும், காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பதும், எவரை நகரத்து மருத்துவமனைக்கு அனுப்பலாம் என்று முடிவுசெய்வதும் அவர் பொறுப்பு. பெரிய டாக்டர் பல தோட்டங்களுக்குப் பொதுவானவர்; முறைவைத்து வந்துபோவார். அனுப்ப வேண்டிய ஒருவரை அனுப்பாமல் வைத்திருந்தால், அதனால் உயிர் போயிருந்தால், யார் யார்மேல் வழக்கிடுவது? டிரசருக்கும் அவர்மேல் குறைசொல்ல வேண்டியவருக்கும் படியளந்தது ஒரே நிருவாகம். லயத்து வீடும் அந்த நிருவாகத்துக்குச் சொந்தம். சட்டப் புத்தகத்தில் வழி இருந்திருக்கலாம். லயத்துக்கும் வழக்கறிஞர் அலுவலகத்துக்கும் இடையில் இருந்த தூரம் மைல்கணக்கில் அளக்கக்கூடியதன்று. இத்தகைய சாவுகள் தீர்ப்புத் தொகுதிகளில் ஏறாமல் ஒப்பாரியோடு முடிந்தன.

வேலையிடத்துக் காயத்துக்கு மட்டும் வேறு வழி திறந்தது. 1952ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பெயரிலேயே 'பம்பாசான்' உடையது. பால்மரம் வெட்டும்போது கண்ணில் சிராய் விழுந்தாலும் ஆலையில் விரல் போனாலும் முதலாளி தவறுசெய்தார் என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. வேலையில் நேர்ந்த காயம் என்பதே போதும். அதற்குக் கைமாறாகத் தொழிலாளி ஒன்றை விட்டுக்கொடுத்தார்: தொகை அட்டவணைக்கு உட்பட்டது. பிரிட்டனில் 1897இல் பிறந்த ஏற்பாட்டின் வழிவந்தது இது. 1969ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம், நாம் 'சொக்சோ' என்று வழங்குவது, இதே உடன்பாட்டின் மேல்தான் எழுந்தது. உடன்பாடு என்று சொல்வது தெரிந்தேதான். வரம்பை ஏற்றுக்கொண்டவருக்கு மெய்ப்பிக்கும் சுமை நீங்கியது. ஒரு கையில் வாங்கியதை மறு கையில் கொடுத்தார்கள். அளவு நியாயமா என்று வாதிடலாம். பண்டமாற்று நடந்தது என்பதை மறுக்க இயலாது.

மருத்துவப் பிழை இவ்வுடன்பாட்டின் எல்லைக்கு வெளியே நின்றது. அங்கே பழைய 'கந்தி ருகி' முறைதான்: தவற்றை மெய்ப்பி, இழப்பை மெய்ப்பி, பிறகு நீதிபதி மதிப்பிடுவார். மலாயா வழக்குகளுள் மாணவர் அறிய வேண்டிய ஒன்று 1960 ஏப்ரலில் கோலாலம்பூரில் தொடங்கியது. அரசாங்கச் சுகாதார மருந்தகம் ஒன்றில் ஆயாவாக வேலைபார்த்த ஒரு பெண், காலில் வந்த புண்ணுக்காக அம்மருந்தகத்திலேயே மருத்துவரைப் பார்த்தார். பெனிசிலின் ஊசி போடப்பட்டது. ஒரு மணி நேரத்துக்குள் இறந்துபோனார். பெனிசிலின் அவருக்கு ஒவ்வாது என்ற குறிப்பு மருத்துவமனை அட்டையில் முன்பே எழுதப்பட்டிருந்தது. அதைப் பார்க்கவில்லை, அவரைக் கேட்கவும் இல்லை. இறந்தவரின் தாய் வழக்கிட்டார். விசாரணை நீதிபதி தாயின் பக்கம் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. 1967இல் இலண்டன் பிரிவி கவுன்சில் முதல் தீர்ப்பை மீண்டும் நிலைநிறுத்தியது. ஒரு கேள்வி கேட்கத் தவறியதற்கு ஏழாண்டு வழக்கு. மருத்துவரின் செயலைச் சக மருத்துவர் நடைமுறையோடு ஒப்பிட்டு அளக்கும் 1957ஆம் ஆண்டின் ஆங்கில அளவுகோலையே பிரிவி கவுன்சிலும் கையாண்டது. பல ஆண்டுகளுக்குப் பின், இடர்களை நோயாளிக்கு எடுத்துரைக்கும் கடமையில் மட்டும் நம் கூட்டரசு நீதிமன்றம் 2006இல் அவ்வளவுகோலை விட்டு விலகியது. நோய் காணலிலும் சிகிச்சையிலும் அது இன்றும் நிற்கிறது என்று 2017இல் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மெய்ப்பிக்கும் சுமை சிறிதாகிவிடவில்லை என்பதற்காக இதைச் சொல்லி நகர்கிறோம்.

இனி 1984க்கு வருவோம். அதன் விதை இங்கிலாந்தில் விழுந்தது. ஒருவர் காயத்தால் ஆயுள் குறைந்து போனால், வாழாமற்போகும் ஆண்டுகளின் வருமானத்தையும் கேட்கலாமா? ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நோயுற்ற இரயில்வேத் தொழிலாளி ஒருவர் வழக்கில் 'ஆம்' என்று 1978இல் பிரபுக்கள் சபை விடையளித்தது. 1981இல் இன்னொரு வழக்கில், இறந்தவரின் சொத்துக்குரியவர்களும் அதைக் கேட்கலாம் என்றானது. இறந்த பதினைந்து வயதுச் சிறுவனின் ஈட்டாத வருமானமும் கணக்கில் ஏறியது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடுத்த ஆண்டே சட்டம் கொண்டுவந்து, இறந்தவர் சார்பில் அவ்வுரிமையைக் கேட்பதைத் தடுத்தது. பிரிவுத் துயருக்கென 3,500 பவுண்டு நிலையான தொகையையும் அச்சட்டம் அறிமுகப்படுத்தியது.

மலேசியா அதைப் பின்பற்றிற்று. பின்பற்றியதோடு நில்லாமல் வெகுதூரம் கடந்தும் சென்றது. 1956ஆம் ஆண்டுக் குடியியல் சட்டத்தில் 1984இல் செய்யப்பட்ட திருத்தம், சாலை விபத்து வழக்குகளும் காப்புறுதி நிறுவனங்களின் கவலையும் சூழ்ந்திருந்த காலத்தில் எழுந்தது. ஆனால் அதன் சொற்கள் சாலையோடு நிற்கவில்லை. உடற்காயம் என்று வரும் எல்லா வழக்குக்கும், மருத்துவமனைக் கட்டிலில் நேர்ந்த காயத்துக்கும், அவை பொருந்தின. மருத்துவப் பிழைக்கு இவ்வளவுதான் என்று மொத்தத் தொகைக்கு ஒரு கூரையை நம் சட்டம் போடவில்லை. வரம்பு கணக்குக்குள் ஒளிந்திருக்கிறது. அதனால்தான் அது பலருக்குத் தெரிவதில்லை.

அக்கணக்கைச் சற்று நின்று பார்ப்பது தகும். காயமடையும்போது 55 வயது நிரம்பியவருக்கு எதிர்கால வருமான இழப்பு என்று எதுவும் இல்லை. 55க்குக் கீழுள்ளவர், சொந்த உழைப்பாலோ ஊதியந்தரும் வேறு செயலாலோ காயத்துக்கு முன் வருமானம் பெற்றுவந்தார் என்று மெய்ப்பிக்க வேண்டும். அப்போது பெற்ற தொகையே கணக்கு. நாளை ஊதியம் உயரும் என்பது கணக்கன்று. வாழ்க்கைச் செலவைக் கழிக்க வேண்டும். எத்தனை ஆண்டுகளால் பெருக்குவது என்பதையும் சட்டமே சொல்லிவிட்டது: 30 வயது வரை 16 ஆண்டு, 31 முதல் 54 வரை, 55இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுத்தது. முப்பது வயதில் ஊசி தவறினால் 16. முப்பத்தொன்றில் தவறினால் 12. ஒரு பிறந்தநாள் நான்கு ஆண்டு வருமானத்தை விழுங்கியது. கணித ஆசிரியர்கள் இதை வகுப்பில் வரைபடமாகப் போட்டுக் காட்டலாம். கோடு ஓரிடத்தில் அறுந்து விழும். பிற நாடுகளில் நீதிபதியின் உய்த்துணர்வுக்கு விடப்பட்டதை இங்கே வாய்ப்பாடு எடுத்துக்கொண்டது.

1952இல் தொழிலாளி வரம்பை ஏற்றபோது மெய்ப்பிக்கும் சுமை நீங்கியது என்றோம். 1984இல் வரம்பு வந்தது. சுமை அப்படியே இருந்தது. பம்பாசானின் எல்லையையும் கந்தி ருகியின் பாரத்தையும் ஒருங்கே சுமக்கும் நிலை காயமுற்றவருக்கு நேர்ந்தது. இத்திருத்தத்தின் குறை இதுவே என்பது நம் துணிபு. தொகை சிறிது என்பது அதற்குப் பிறகு வரும் குறைதான்.

'சொந்த உழைப்பால் வருமானம் பெறுதல்' என்னும் தொடரை இவ்வூரில் வைத்துப் படித்துப் பாருங்கள். புந்தோங் கச்சாங் பூத்தேக்குப் பேர்போன ஊர். கடலை ஊறவைப்பவர், வறுப்பவர், முறுக்குப் பிழிபவர், பொட்டலம் கட்டுபவர் எனக் குடும்பமே கைகொடுக்கும் தொழில் அது. கடைவரும்படி ஒருவர் பெயரில் இருக்கும். மற்றவர் உழைப்புக்குச் சம்பளச் சீட்டு ஏது? தோட்டத்திலிருந்து நகரத்துக்குக் குடிபெயர்ந்தவர்களின் கதையும் இதுதான். கணவர் பெயரில் இருந்த நிரையில் மனைவியும் மங்கு துடைத்துப் பால் எடுத்தார் என்றால், பெரட்டுப் புத்தகத்தில் ஒரு பெயர்தான். வீட்டையே நடத்தும் தாய்மாரும், படித்துக்கொண்டிருக்கும் மாணவரும், இன்னும் வேலைக்குப் போகாத இளைஞரும் இத்தொடருக்கு வெளியே நிற்கின்றனர். ஐரோப்பிய மாணவி ஒருவர் இந்நாட்டில் காயமுற்ற வழக்கு 1990இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. காயமுறும்போது அவர் ஈட்டிக்கொண்டிருக்கவில்லை என்பதால் எதிர்கால வருமான இழப்புக்கு இடமில்லை என்று தீர்ந்தது. பிறப்பின்போது மூச்சுத்திணறி மூளை பாதிக்கப்பட்ட குழந்தைக்கும் அதே விடைதான். அக்குழந்தையின் பராமரிப்புச் செலவு, கருவிகள், வலி ஆகியவற்றுக்குச் சட்டம் எண் எதையும் விதிக்கவில்லை. நீதிமன்றங்கள் வழங்கும் பெருந்தொகைகள் இவ்வழியே வருகின்றன என்பதையும் நடுநிலையோடு சொல்ல வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகவே அமைப்போம். மாதம் 1,500 ரிங்கிட் ஈட்டும் 42 வயதுப் பெண் அறுவைச் சிகிச்சைத் தவற்றால் இனி உழைக்க இயலாதவரானார். 1984இன் கணக்குப்படி ஆறரை ஆண்டு; வாழ்க்கைச் செலவைக் கழிக்குமுன் 117,000 ரிங்கிட். அதே பெண் அதே வேலையைக் குடும்பத் தொழிலில் கணக்கின்றிச் செய்தவர் என்றால், இத்தலைப்பின்கீழ் அவர் கையில் வருவது சுழியாகவும் இருக்கலாம்.

சாவுக்கான துயர்த்தொகையை 1984இன் திருத்தம் 10,000 ரிங்கிட் என்று நிறுத்தியது. அதைப் பெறத்தக்கவர் இறந்தவரின் கணவர் அல்லது மனைவி. மணமாகாத சிறார் இறந்தால் பெற்றோர். இருபத்தைந்து வயது மகனைப் பறிகொடுத்த தாய்க்கு அதில் இடமில்லை. தாயைப் பறிகொடுத்த பிள்ளைக்கும் இல்லை. ஒப்பாரியில் முதலில் எழும் குரல்கள் இவ்விரண்டுமே என்பதைச் சட்டம் வரைந்தவர் கேட்டதில்லை போலும். அந்தப் பத்தாயிரம் 35 ஆண்டுகள் அசையாமல் நின்றது. 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை 30,000 ஆக்கியது. பெறுவோர் வட்டத்தையும் விரித்தது. 55 என்ற வயதை 60 ஆக்கியது. நம் 42 வயதுப் பெண்ணுக்கு இப்போது ஒன்பது ஆண்டு, 162,000. முப்பதுக்கும் முப்பத்தொன்றுக்கும் இடைப்பட்ட பள்ளம் பதினாறுக்கும் பதினான்கரைக்குமாகச் சுருங்கியது. 'சொந்த உழைப்பு' என்னும் நிபந்தனை மட்டும் நகரவில்லை.

தொகைக்கு வரம்பு போலவே காலத்துக்கும் வரம்பு உண்டு. தனியார் மருத்துவமனைமேல் கவனக்குறைவு வழக்குக்கு ஆறாண்டு. அரசாங்க மருத்துவமனை என்றால் 1948ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி 36 மாதம். ஈப்போ பெரிய மருத்துவமனையை நம்பி வாழ்வோருக்கு இரண்டாவது எண்ணே பொருந்தும். ஏழைக்குப் பாதிக் காலம். மறைந்திருந்து பின்னர் வெளிப்படும் சேதத்துக்குக் காலநீட்டிப்பு வழங்கும் புதிய பிரிவு ஒன்று 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தால் காலவரையறைச் சட்டத்தில் சேர்ந்தது. அது உடற்காயம் அல்லாத வழக்குகளுக்கு மட்டும் என்று எழுதப்பட்டிருக்கிறது. சுவரில் பின்னாளில் தெரியவரும் விரிசலுக்கு உண்டு. வயிற்றுக்குள் தைக்கப்பட்டுவிட்ட பஞ்சுக்கு இல்லை.

தமிழ்நாட்டில் நடந்ததை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும். மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1994இல் கூறியது. இந்திய உச்ச நீதிமன்றம் 1995 நவம்பரில் அதை மாற்றியது. 1996இல் எழும்பூர் அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை செய்யப்படாமல் பார்வை பறிபோனது. தேசிய நுகர்வோர் ஆணையம் 5 இலட்சம் ரூபாய் அளித்தது. 2015இல் உச்ச நீதிமன்றம், ஆன செலவுக்கு 42,87,921 ரூபாயும், இனி ஆகும் மருத்துவச் செலவுக்கு 1 கோடியே 38 இலட்சமும் என்று உயர்த்தியது. கொல்கத்தா வழக்கொன்றில் சுமார் 6 கோடி வழங்கிய 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பு, சாலை விபத்துக்கென வகுத்த பெருக்கல் முறையை மருத்துவப் பிழைக்கு அப்படியே பொருத்தலாகாது என்று கருதியது. நாம் 1984இல் கேளாமல் விட்ட கேள்வி அது.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. கலிபோர்னியா 1975இல், மருத்துவர்களின் காப்புறுதிக் கட்டணம் ஏறிய நெருக்கடியில், வலி துயரம் போன்ற பணமல்லா இழப்புக்கு 250,000 டாலர் என்று உச்சவரம்பு விதித்தது. வருமான இழப்பும் மருத்துவச் செலவும் அதற்கு உட்பட்டவை அல்ல. ஆயினும் ஈட்டாத குழந்தைக்கும் இல்லத்தரசிக்கும் முதியவருக்கும் வலியே பெரிய தலைப்பு என்பதால் அவர்களையே அது மிகுதியாகத் தாக்கியது. அந்த எண் 47 ஆண்டு மாறவில்லை. 2023 சனவரியிலிருந்து காயத்துக்கு 350,000, சாவுக்கு 500,000 என்று தொடங்கிப் பத்தாண்டில் 750,000, 1,000,000 என உயர வழி செய்யப்பட்டது. நம் நாட்டிலும் பேறுகால மருத்துவர்கள் காப்புறுதிச் செலவைக் கண்டு அஞ்சுவது பொய்யான அச்சமன்று. அரசு மருத்துவமனை கொடுக்கும் ஈடு வரிப்பணத்திலிருந்து போகிறது என்பதும் உண்மை. உச்சவரம்பு கேட்போர்முன் நாம் வைக்கும் கேள்வி ஒன்றுதான்: கைமாறாக எதைத் தருகிறீர்கள்? நியூசிலாந்து 1974 முதல், பெரும்பாலான காயங்களுக்கு வழக்கிடும் உரிமையை எடுத்துக்கொண்டு, எவர் தவறு என்று கேளாமலே ஈடு வழங்குகிறது. தோட்டத் தொழிலாளி 1952இல் கண்ட அதே பண்டமாற்று, ஒரு நாடு முழுமைக்கும்.

அத்தகைய மாற்றம் இங்கு வரும்வரை 'சொந்த உழைப்பாலோ ஊதியந்தரும் வேறு செயலாலோ' என்னும் தொடருக்குள் தாம் அடங்குவதாக மெய்ப்பிக்கும் வேலை குடும்பங்களுடையதே. கச்சாங் பூத்தே வீடுகளில் யார் எத்தனை நாள் வேலைசெய்தார், எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று பள்ளி நோட்டுப்புத்தகத்தில் தமிழில் எழுதி வைப்பவர்கள் சிலர் உண்டு. அந்த நோட்டு நீதிமன்றத்துக்குச் செல்லுமுன் மலாய்க்கு மொழிபெயர்க்கப்பட வேண்டும். 'கைச்செலவுக்குக் கொடுத்தது' என்று அதில் இருக்கும் வரியை மொழிபெயர்ப்பாளர் அன்பளிப்பு என்று பெயர்ப்பாரா, ஊதியம் என்று பெயர்ப்பாரா என்பதில் ஒன்பது ஆண்டு வருமானம் தங்கியிருக்கிறது. நோட்டு எழுதுபவர் முதல்நாளே 'கூலி' என்று எழுதிவிடலாம்.